உசாத்துணைப் பகுதியைக் களையெடுப்பது: ஆறு வழிகளும் அவற்றின் மறைசெலவும்

கடந்த ஒரு வருடத்தில் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். மூதூர்ப் பக்கம் ஒரு பயிற்சி நிறுவனத்தின் நூலகப் பொறுப்பாளர், மட்டக்களப்பில் என்னோடு டிப்ளோமா படித்த ஒரு தோழி, புதிதாக நியமனம் பெற்ற ஓர் உதவி நூலகர். சொற்கள் வேறு, சங்கடம் ஒன்றுதான். "இறாக்கை நிரம்பிவிட்டது சேர். புதுப் புத்தகம் பெட்டிக்குள்ளேயே கிடக்குது. உசாத்துணைப் பகுதியில இருக்கிற பழசுகளை எறியவும் மனம் வரேல்ல, வைக்கவும் இடமில்ல. என்ன செய்யிறது?"

திருகோணமலையில் உயர்கல்வி நூலகமொன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியோடு நானும் பல மாலைகள் இறாக்கைக்கு முன் நின்றிருக்கிறேன். உசாத்துணை என்றால் இரவல் போகாமல் நூலகத்திலேயே இருந்து பார்க்கும் நூல்கள்; அவற்றுள் வேண்டாதவற்றைப் பார்த்து எடுப்பதையே களையெடுப்பு என்கிறோம். எங்களுக்கு நூலைக் கழிப்பது கை நடுங்கும் வேலை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதைப் பார்த்த தலைமுறையிடம் வேலை பழகியவர்கள் நாங்கள். ஒரு நூலையும் விடாதே என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

அந்தப் பாடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது எந்த நூலுக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை இருந்தன. எங்கள் இறாக்கையில் இருக்கும் 1987ஆம் ஆண்டு ஆங்கில மருந்துக் கையேடு நாளைக்கு இல்லாமற் போனால் உலகத்தில் எதுவும் குறையாது. இரண்டையும் ஒரே பயத்தோடு காத்தால், கையேடு நல்ல இறாக்கையில் இருக்கும், ஊர்க் கோயில் மலர் தரையில் பெட்டிக்குள் கறையானுக்குப் போகும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்க்கும் முன் ஐந்து கேள்விகள். ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

பிழையான தகவல் யாரையாவது காயப்படுத்துமா? 2005க்கு முன் அச்சான முதலுதவி நூலில் மார்பை 15 தரம் அழுத்தி 2 மூச்சுக் கொடுக்கச் சொல்லியிருக்கும். 2005இன் சர்வதேச வழிகாட்டலில் அது 30க்கு 2 என்று மாறிவிட்டது. ரொஃபெகொக்சிப் என்ற மூட்டுவலி மருந்தை, மாரடைப்பு ஆபத்துத் தெரியவந்ததால், 2004 செப்டெம்பரில் தயாரித்த நிறுவனமே உலகம் முழுவதும் மீளப் பெற்றுக்கொண்டது. 2002ஆம் ஆண்டு மருந்துக் கையேட்டில் அது இன்னும் நல்ல மருந்தாகத்தான் இருக்கிறது. உசாத்துணைப் பகுதியில் நாங்கள் ஒரு நூலை வைத்தால், சரிபார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று மாணவர் நம்புவார். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு எங்களுடையது.

இது எங்களோடு முடிந்துபோகுமா? வேறு எந்த நூலகத்தில், எந்த இணையச் சேமிப்பில் இது இருக்கிறது? இலங்கைத் தமிழ் வெளியீடாக இருந்தால், 2005இலிருந்து இணையத்தில் இயங்கும், 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் முதலில் தேடுங்கள்.

யாராவது திறக்கிறார்களா? இரவல் போகாத நூலுக்குக் கணினியில் கணக்கு இருக்காது. நாங்கள் செய்தது எளிய வேலை. "படித்த நூலைத் திருப்பி வைக்காதீர்கள், மேசையிலேயே விடுங்கள்" என்று ஒட்டினோம். மாலையில் மேசையில் கிடந்த ஒவ்வொரு நூலின் முதுகிலும் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு அரையாண்டு, பரீட்சைக் காலமும் உட்பட. ஒரு மாதம் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பிழைக்கும். சில நூல்களைப் பரீட்சைக்கு முந்திய மூன்று வாரங்களில் மட்டுமே தேடுவார்கள்.

உடல்நிலை எப்படி? கட்டு உடைந்தால் கட்டலாம். பூஞ்சணம் பிடித்தது பக்கத்து நூலுக்கும் பரவும்.

அகற்றும் வேலைக்கு ஆள் இருக்கிறதா? இதை யாரும் கேட்பதில்லை. நானும் முதற்தடவை கேட்கவில்லை.

## வயதை ஏன் சேர்க்கவில்லை

1976இல் டெக்சாஸில் சிறிய, நடுத்தர நூலகங்களுக்காக உருவான 'குரூ' என்ற களையெடுப்பு முறை இன்றும் உலகம் முழுவதும் பாவனையில் இருக்கிறது. நூல்களைத் துறைவாரியாக அடுக்க இடும் தூயி எண் ஒவ்வொன்றுக்கும் அது ஒரு சூத்திரம் தரும்: அச்சாகி இத்தனை வருடம், கடைசியாக எடுபட்டு இத்தனை வருடம், அதற்கு மேலென்றால் சந்தேகி. கணினி, மருத்துவம், நாடுகளின் ஆண்டு நூல்கள் ஆகியவற்றுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. இலங்கை வரலாற்றுக்கான 954.93இலும் தமிழ் மொழிக்கான 494.811இலும் அதை அப்படியே போட்டுப் பார்த்தால் விபரீதம்தான்.

குடிசன மதிப்பீட்டு நூல்களை எடுங்கள். 1981இன் தொகுதி எந்தச் சூத்திரத்தின்படியும் கழிக்க வேண்டிய கிழட்டு நூல். ஆனால் அடுத்த கணக்கெடுப்பு போரினால் இருபது வருடம் நடக்கவில்லை. 2001இல் நடந்தபோதும் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக எடுக்க முடிந்தது. விடுபட்ட ஏழில் திருகோணமலையும் ஒன்று. நாடு முழுவதற்குமான அடுத்த முழுக் கணக்கு 2012இல்தான் வந்தது. எங்கள் மாவட்டத்தில் போருக்கு முன் எந்தப் பிரிவில் எத்தனை குடும்பம் இருந்தது என்று தேடும் மாணவருக்கு 1981தான் கடைசிப் படி. முப்பத்தொரு வருட இடைவெளியின் இந்தக் கரை அது. அதைப் பழசு என்று தள்ளினால் அந்தக் கேள்வியையே தள்ளியதாகிவிடும்.

வரைபடமும் அப்படித்தான். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற 1:63,360 அளவில் நில அளவைத் திணைக்களம் முன்பு வெளியிட்ட தாள்களை 1:50,000 தாள்கள் பின்தள்ளிவிட்டன. புதிய தாள் துல்லியமானதுதான். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன் கடற்கரையில் எந்தக் குடிமனை எங்கே இருந்தது, எந்தக் குளத்துக்கு எந்தப் பெயர் வழங்கியது என்று பழைய தாள் சொல்லும். இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரைக்காக வந்து, பாட்டி சொன்ன இடப்பெயரை அதில் விரல் வைத்துத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சித்த மருத்துவம் இன்னொன்று. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அது பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அந்தத் துறைக்குப் பழைய பதிப்பு மூலநூல். அதே 610 வரிசையில் பக்கத்தில் நிற்கும் ஆங்கில மருந்துக் கையேடோ பிரித்தானியாவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக அச்சாகிறது. தூயி எண் இரண்டையும் அருகருகே வைக்கும். வயதுச் சூத்திரம் இரண்டையும் சேர்த்து வெட்டும்.

## வழி ஒன்று: அப்படியே விட்டுவிடுதல்

செலவில்லாத வழி போலத் தெரியும். இதற்குக் கொடுக்கும் விலை ஒவ்வொரு வருடமும் சிறிது சிறிதாகப் போவதால் கண்ணில் படுவதில்லை. வருடாந்தக் கணக்கெடுப்பில் செத்த நூலையும் எடுத்து, தூசு தட்டி, இலக்கம் பார்த்து, திருப்பி வைக்க வேண்டும். இராமபாணப் பூச்சி யாரும் தொடாத நூலில்தான் குடியேறும். எல்லாவற்றையும்விட, நல்ல நூல் கெட்ட நூலுக்குள் மறைந்துபோகும். எங்கள் இறாக்கையில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் கீழ்த் தட்டில், இரண்டு கலைக்களஞ்சியத் தொகுப்புகளுக்குப் பின்னால் இருந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் அநுபந்தமும் கண்ட பேரகராதி அது. ஒரு சிவப்புப் புள்ளியும் விழவில்லை. முன்னால் இருந்ததை எடுத்துவிட்டு லெக்சிகனைக் கண் மட்டத்துக்கு உயர்த்தியதும் அடுத்த அரையாண்டில் ஏழு தொகுதியிலும் புள்ளி. அதற்காகப் புதிதாக எதுவும் வாங்கவில்லை.

ஆனால் விட்டுவிடுவதே சரியான நேரங்களும் உண்டு. உங்கள் நூல்களுக்கு ஒழுங்கான பட்டியல் இல்லையென்றால் களையெடுக்காதீர்கள். என்ன இருக்கிறது என்று தெரியாதவர் எதை இழக்கிறோம் என்று அறிய முடியாது. கட்டடம் மாறப்போகிறதென்றாலும், பாடநெறி மாற்றம் வரப்போகிறதென்றாலும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

## வழி இரண்டு: இரவல் பகுதிக்கு மாற்றுதல்

நான் மிகவும் விரும்பும் வழி இது. பயன்படுத்தப்படாததும் இதுதான். "இது உசாத்துணை, வெளியே போகக்கூடாது" என்று பல வருடங்களுக்கு முன் யாரோ குத்திய முத்திரைக்கு இன்று காரணம் இருக்கிறதா? ஒற்றைத் தொகுதித் துறை அகராதி, கணக்கியல் கைநூல், புதிய பதிப்பு வந்தபின் எஞ்சிய முந்திய பதிப்பு எல்லாம் வெளியே போகலாம்.

கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வரும் மாணவிகள் மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். நூலகத்தில் இருந்து படிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. அவர்களைப் பொறுத்தவரை உசாத்துணை என்ற முத்திரை, அந்த நூல் இல்லை என்பதற்குச் சமன். இரண்டு நாள் இரவலாவது கொடுத்துப் பாருங்கள்.

மறைசெலவு சிறியது: முதுகுச் சீட்டு மாற்ற வேண்டும், கோஹா என்ற நூலக மென்பொருளில் நூல்வகையை மாற்ற வேண்டும், சில நூல் திரும்பி வராது. தொகுதிகளாக உள்ளதை மட்டும் பிரிக்காதீர்கள். பத்தில் ஒன்று தொலைந்தால் மற்ற ஒன்பதும் ஊனம். பிழையான மருந்து நூலை இங்கே மாற்றுவதும் தீர்வாகாது. நூலகத்துக்குள் இருந்த ஆபத்தை வீட்டுக்கு அனுப்பியதாகத்தான் முடியும்.

## வழி மூன்று: பூட்டிய அறை

பலரும் தேர்வது இதைத்தான். கழித்த குற்றவுணர்வு இல்லை, இடமும் கிடைக்கிறது. ஆனால் திருகோணமலையில் பூட்டிய அறை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். மாரி தொடங்கி வாடை அடிக்கும் மாதங்களில் சுவர் வியர்க்கும். காற்றின் சார்பு ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு அழைப்பிதழ் தேவையில்லை. கடற்காற்றின் உப்பு இரும்பு இறாக்கையைத் தின்னும். சாளரம் திறந்திருக்கும் வாசிப்பு மண்டபத்தைவிட, மின்விசிறியில்லாத களஞ்சிய அறை நூலுக்குக் கொடியது.

ஆகவே இந்த வழிக்கு உண்மையான விலை: தரையிலிருந்து அரை அடி உயர்ந்த தட்டு, சுவரோடு ஒட்டாத இறாக்கை, காற்றோட்டம், ஈரமானி ஒன்று, வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் ஓர் ஆள். வாசகர் கேட்டால் அன்றே எடுத்துக் கொடுக்கும் ஒழுங்கும் வேண்டும். பட்டியலில் 'களஞ்சியம்' என்று இடம் மாற்றப்படாத நூல் தொலைந்த நூல்தான்.

இந்த விலையைக் கொடுக்கத் தகுந்த நூல்கள் இருக்கின்றன: மேலே சொன்ன 1981 தொகுதி, ஓர் அங்குல வரைபடங்கள், 1956ஆம் ஆண்டின் திருத்திய சட்டத் தொகுப்பு, இலங்கை பற்றிய பழைய விவரக் கொத்தான ஃபேர்குசன் டிரெக்டரியின் எந்த வருடமாக இருந்தாலும் அது, கோயில் மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள். காணி வழக்கில் இன்றைய சட்டம் போதாது, உறுதி எழுதிய நாளில் என்ன சட்டம் இருந்தது என்பதே கேள்வியாக வரும். அவற்றுக்கு அறையைக் கொடுங்கள். முடிவெடுக்க மனமில்லாத ஆங்கிலக் கலைக்களஞ்சியத்துக்குக் கொடுக்காதீர்கள்.

## வழி நான்கு: இன்னொருவருக்குக் கொடுத்தல்

இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்துக்குப் பெட்டி பெட்டியாக நூல்கள் வந்தன. அனுப்பியவர்களின் மனம் நல்லது. ஆனால் பல பெட்டிகளில் எங்கள் பிள்ளைகளின் பாடத்திட்டத்தோடு ஒட்டாத, அவர்கள் வாசிக்கும் மொழியில் இல்லாத, அங்கே காலாவதியான நூல்களே இருந்தன. அவற்றைப் பிரிக்கவும் அடுக்கவும் கடைசியில் கழிக்கவும் உழைத்தவர்கள் கூரை இழந்த பாடசாலைகளின் ஆசிரியர்கள். அந்த வேலையில் நானும் இருந்தேன். இன்று நாங்கள் கழித்ததை வெருகலுக்கோ குச்சவெளிக்கோ ஒரு சிறிய பாடசாலைக்கு அனுப்பி "அன்பளிப்பு" என்று படம் எடுத்தால், அதையே அவர்களுக்குத் திரும்பச் செய்கிறோம். அதிபரால் வேண்டாமென்று சொல்லவும் முடியாது.

நான் கைக்கொள்ளும் விதி இது: எங்கள் இறாக்கையில் இடமிருந்தால் இதை வைத்திருப்பேனா? ஆம் என்றால் மட்டும் கொடுக்கலாம். லெக்சிகனின் இரண்டாவது பிரதி, 2011க்குப் பின் வந்த அட்லஸ், பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் மேலதிகத் தொகுப்பு, இவையெல்லாம் கொடுக்கத் தகுந்தவை. 2011இல் தனிநாடான தென் சூடான் இல்லாத அட்லஸ் எங்கள் மாணவருக்கு ஆகாதென்றால் ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?

பொருளைக் கொண்டுபோய் இறக்காதீர்கள். பட்டியலை அனுப்பி, அவர்களை வரச் சொல்லி, தெரிவு செய்யவிடுங்கள். லொறிக் கூலி யாருடையது என்பதையும் முதலே பேசிவிடுங்கள். அரச நிறுவனமென்றால் இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்ற எழுத்திலான அனுமதி வேண்டும்.

## வழி ஐந்து: திரையில் வைத்து அச்சை எடுத்தல்

"எல்லாம் ஒன்லைனில் இருக்குதே" என்று நிர்வாகம் சொல்லும். பகுதி உண்மை. பிரித்தானிக்காவே 2010 பதிப்போடு அச்சை நிறுத்தியது. 32 தொகுதி, ஏறத்தாழ 58 கிலோ. நிறுத்துவதாக 2012 மார்ச்சில் அறிவித்தார்கள். 1768இல் எடின்பரோவில் தொடங்கிய நூலே அச்சைக் கைவிட்டபின், அதன் 1990களின் தொகுப்பை நாங்கள் கட்டிப்பிடித்திருக்கக் காரணமில்லை.

ஆனால் 'ஒன்லைன்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு பொருட்கள் இருக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் அச்சை எடுத்தவர்கள் 2022இல் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை.

முதலாவது, சந்தா. பணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நூலக ஒதுக்கீடு ரூபாவில் அப்படியே நின்றது. சந்தா நின்ற மறுநாள் கதவு மூடும். பத்து வருடம் கட்டிய பணத்துக்குக் கையில் ஒரு தாளும் மிஞ்சாது. ஆகவே சந்தாவை நம்பி அச்சை எடுப்பதானால், சந்தா முடிந்தபின்னும் வாங்கிய வருடங்களைப் படிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, நிலையான இலவசச் சேமிப்பு. தமிழ் லெக்சிகன் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. தமிழ்க் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறது. 1910–11இல் வந்த 29 தொகுதிப் பிரித்தானிக்கா பதிப்புரிமை நீங்கி எங்கும் கிடைக்கிறது. இவை நம்பத்தக்கவை. இவற்றுக்குள்ளும் நான் ஒரு வேறுபாடு வைத்திருக்கிறேன். ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் அச்சை எடுத்துவிடுவேன், தமிழின் அடிப்படை நூல்களின் அச்சில் ஒரு பிரதியை எடுக்க மாட்டேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. ரவுட்டர் அணைந்தது, கணினி அணைந்தது. கிழக்குச் சாளரத்து வெளிச்சத்தில் லெக்சிகன் திறந்திருந்தது. அன்று அதைப் படித்த மாணவர் இருவர், இன்று ஆசிரியர்கள்.

மூன்றாவது, நாங்களே ஸ்கேன் செய்வது. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு நாள் மணிக்கூட்டை வைத்து அளந்து பாருங்கள். எங்களிடம் தட்டை ஸ்கேனரில் நிமிடத்துக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் போகவில்லை. 800 பக்க நூலொன்று கிட்டத்தட்ட ஒரு முழுநாள் வேலை. அதன்பின் பெயரிடல், பிழை பார்த்தல், இரண்டு இடத்தில் சேமித்தல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதன்மேல் 70 வருடமும் பதிப்புரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இந்த உழைப்பை எங்களோடு முடிந்துபோகக்கூடிய நூல்களுக்கு மட்டும் செலவிடுங்கள். நூலகம் நிறுவனம் போன்றவர்களோடு சேர்ந்து செய்தால் வேலையும் பாதியாகும், கோப்பும் ஒரு வன்தட்டில் சாகாது. ஸ்கேன் செய்த பின்னும் அந்த மூலத்தை எறியாதீர்கள்.

## வழி ஆறு: கழித்துவிடல்

பதிவேட்டிலிருந்து நீக்கி, கட்டடத்தைவிட்டு அனுப்புவது. ஆபத்தான பழைய மருத்துவம், பூஞ்சணம் ஊறியது, எங்கும் கிடைக்கும் பொது ஆண்டு நூல்களின் பழைய வருடங்கள் ஆகியவற்றுக்கு இதுவே நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

அரச நிறுவனத்தில் நூலும் அரச சொத்து. அலுவலகத்தில் போர்ட் ஒஃப் சர்வே என்று சொல்லும் வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் 'பாவனைக்கு உதவாதது' என்று விதந்துரைக்கப்பட்டு, அதிகாரமுள்ளவர் ஒப்பமிட்ட பிறகே ஒரு நூல் வெளியே போகலாம். அதற்கு முன் ஒரு தாளைக்கூட விற்காதீர்கள். பட்டியலில் சேர்விலக்கம் (பதிவேட்டு எண்), தலைப்பு, பதிப்பு, கழிக்கும் காரணம் நான்கும் இருக்கட்டும். காரணத்தை "பழையது" என்று எழுதினால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். "2005க்கு முந்திய முதலுதவி முறை, இப்போது பிழையானது" என்று எழுதினால் கோப்பே விடை சொல்லும். துறை விரிவுரையாளர் ஒருவரின் ஒப்பமும் அந்தத் தாளில் இருந்தால் நல்லது. கடைசியில் நூலின் முதற்பக்கத்தில் நீக்கிய முத்திரை குத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் யாரோ ஒருவர் அதைக் கடலைக் கடையில் கண்டு, நூலகத்தில் திருட்டு என்பார்.

எரிக்க மட்டும் வேண்டாம். பல வருடங்களுக்கு முன் ஓர் இடத்தில் கறையான் தின்ற நூல்களை முற்றத்தில் குவித்து நெருப்பு வைத்தார்கள். வேறெந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, குப்பையை எரிப்பதுபோல எரித்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். "தம்பி, புத்தகத்தையா எரிக்கிறியள்?" அவ்வளவுதான் கேட்டார். அங்கே நின்ற எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அவர் அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மறுசுழற்சிக்குத் தாளாகக் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்ததைப் பையில் கட்டிப் புதையுங்கள். தமிழர் ஊரில் நூலகத்து முற்றத்தில் நெருப்பு எழக்கூடாது.

## எந்த நூலுக்கு எந்த வழி

| நூல் வகை | நான் தேர்வது | கவனிக்க |
|---|---|---|
| பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் | கழித்தல் | இலங்கை பற்றிய கட்டுரை இருந்தால் ஒருமுறை பாருங்கள் |
| மருந்து, முதலுதவிக் கையேடு | உடனே கழித்தல் | பள்ளிக்கும் கொடுக்க வேண்டாம் |
| சித்த மருத்துவ மூலநூல் | உசாத்துணையிலேயே | பதிப்புகளை ஒப்பிட இரண்டும் தேவைப்படும் |
| உலக ஆண்டு நூல் | புதியதும் ஐந்து வருடத்துக்கு ஒன்றும் | மற்றவை கழித்தல் |
| தமிழ்ப் பேரகராதி | உசாத்துணை, கண் மட்டத்தில் | மேலதிகப் பிரதி அன்பளிப்பு |
| துறை அகராதி, கைநூல் | இரவல் | தொகுதிகளைப் பிரிக்க வேண்டாம் |
| குடிசன மதிப்பீடு, பழைய சட்டத் தொகுப்பு, வரைபடம் | பூட்டிய அறை | ஈரம் |
| ஊர் மலர், உள்ளூர் வெளியீடு | பூட்டிய அறையும் ஸ்கேனும் | மூலத்தை எறியாதீர்கள் |

இந்த அட்டவணையில் உங்களோடு ஒத்துப்போகாத வரிகள் இருக்கும். சட்டபீடம் உள்ள இடத்தில் சட்டத் தொகுப்பு உசாத்துணையிலேயே நிற்க வேண்டும். தாதியர் பயிற்சி உள்ள இடத்தில் மருத்துவ வரலாறு கற்பிக்கிறார்களென்றால், பழைய கையேட்டில் ஒரு பிரதியை 'வரலாற்றுப் பாவனைக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் ஒட்டி அறையில் வைக்கலாம்.

## எப்போது தொடங்குவது

மாரியில் தொடங்க வேண்டாம். ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் நூலைப் பெட்டியில் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்தே அடைக்கிறீர்கள். நாங்கள் புள்ளி ஒட்டும் வேலையை மாரியிலேயே செய்து முடித்துவிடுகிறோம், அதற்கு மழை தடையில்லை. பெப்ரவரியில் வெயில் வந்ததும் 030 வரிசையில் கை வைக்கிறோம். கலைக்களஞ்சியங்கள் முடிவெடுக்க எளிது, இடமும் ஒரே நாளில் தெரியும்படி திறக்கும். அடுத்தது 610, அதில் காத்திருக்க நியாயமில்லை. 494.811ஐயும் 954.93ஐயும் கடைசிக்கு விடுங்கள். அவற்றுக்கு ஒரு நாளைக்கு ஒரு தட்டுப் போதும். தமிழ் தெரிந்த மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூட்டிய அறையின் கதவைத் திறந்து நூல்களுக்குக் காற்றுக் காட்டுங்கள். கணக்கெடுப்புச் சபை வரும்போது நான்கு பத்தியுள்ள உங்கள் பட்டியல் மேசையில் தயாராக இருக்கட்டும்.